கப்பலில் வந்த நத்தார்

நத்தார் என்ற சொல்லே கப்பலில் வந்ததுதான். 1505இல் இலங்கைக் கரையைத் தொட்ட போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொற்களில் அதுவும் ஒன்று. அதனோடு பாண் வந்தது, பாணைச் சுடும் போறணை வந்தது, விஸ்கோத்து வந்தது, மரத்தோடும் பெயரோடும் கஜு வந்தது. ஐந்நூறு ஆண்டுப் புழக்கத்தில் இவையெல்லாம் ஊர்ச்சொற்களாகிவிட்டன. போறணை அந்நியச் சொல் என்று யாழ்ப்பாணத்து அப்பாச்சி ஒருவரிடம் சொன்னால் நம்பமாட்டார். சொல் நம்முடையதாகிப் போனதால் பண்டமும் நம்முடையதுதான் என்றொரு நினைப்பு வளர்ந்துவிட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த நினைப்பைக் கலைத்தது.

அந்த நத்தாருக்கு ஆயத்தமான இலங்கைக் குடும்பங்கள் இரண்டு கவலைகளை ஒன்றாகச் சுமந்தன. ஒன்று கொவிட். மற்றது கடையில் பால்மா இருக்குமா, அடுப்புக்கு எரிவாயு கிடைக்குமா என்பது. இரண்டும் சேர்ந்தே வந்ததால் தட்டுப்பாடு நோயின் பிள்ளை என்று பலர் எண்ணினர். ஆட்சியில் இருந்தவர்களும் பெருந்தொற்றையே காரணம் காட்டினார்கள். அது அரைவாசிக்கும் குறைந்த உண்மை என்பதே என் முடிவு. அதை விளங்கிக்கொள்ள மத்திய வங்கியின் அறிக்கைகளுக்குப் போகுமுன் ஒரு நத்தார்க் கேக்கின் பொருட் பட்டியலைப் பார்க்கலாம்.

இலங்கையில் நத்தாருக்குச் செய்யும் கேக் இங்கிலாந்துக் கேக்கின் நகல் அல்ல. அதில் கோதுமை மாவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ரவைதான் போகும். கஜு, நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌத் தோசி, திராட்சை வத்தல், பேரீச்சம்பழம், செரி எல்லாவற்றையும் பொடியாய் வெட்டி, பிரண்டியிலும் தேனிலும் ஊறவிட்டு, ஏலம் கறுவா சாதிக்காய் சேர்த்து, முட்டை மஞ்சட்கருவை டசின் கணக்கில் அடித்துச் செய்வார்கள். லவ் கேக்கும் ரவையும் கஜுவும் கலந்ததே. பறங்கியர் வீடுகளில் நத்தார்க் காலையில் புரூடர் என்ற ஒல்லாந்தர் காலத்துப் பணியாரத்தை வெட்டிப் பட்டர் பூசி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாற்கட்டியோடு உண்பார்கள். இவையெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. பழத்தை ஊறவைப்பது நவம்பர் தொடக்கத்திலேயே நடக்கும். வெட்டுவதற்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கத்தியோடு வட்டமாக உட்கார வேண்டும். வீட்டில் அவண் இல்லாதவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பேக்கரிக்குப் போவார்கள். பாண் சுட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் கேக் வேகும்.

இந்தப் பட்டியலில் நம் மண்ணில் விளைவது எது? கஜு, தோசிகள், தேன், வாசனைத் திரவியங்கள், முட்டை. ரவை கோதுமையிலிருந்து வருகிறது. கோதுமை இந்தத் தீவில் விளைவதே இல்லை, முழுவதும் இறக்குமதி. பட்டர், வத்தல், பேரீச்சம்பழம், செரி, பாற்கட்டி எல்லாம் கப்பலில் வருபவை. சீனியும் பெரும்பகுதி அப்படியே. முட்டைகூட முழுதாக நம்முடையது என்று சொல்ல முடியாது. கோழித் தீனிக்குச் சோளம் வேண்டும், அந்தச் சோளத்துக்கு உரமோ இறக்குமதி அனுமதியோ வேண்டும். இலங்கையின் பண்டிகைகளில் டொலரை அதிகம் நம்பியிருக்கும் சமையல் நத்தார்ச் சமையல்தான். அதனால் நாட்டின் கையில் டொலர் தீர்ந்ததை முதலில் உணர்ந்த அடுப்புகளில் இதுவும் ஒன்றானது.

டொலர் எப்படித் தீர்ந்தது என்ற கதைக்கும் ஒரு திருநாளிலேயே தொடக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு சுற்றுலா சரிந்தது. ஆண்டின் முடிவில் புதிய அரசு பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது, வேறு வரிகளையும் வெட்டியது. அரச வருமானம் விழுந்தது. 2020இல் நோய் வந்து சுற்றுலாவை முற்றாக நிறுத்தியது. கடன் தரம் தாழ்த்தப்பட்டதால் வெளிச் சந்தையில் கடன் எடுக்கும் வழி அடைபட்டது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியனுக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் டொலரின் விலையை 203 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தார்கள்.

நோய்க்கும் தட்டுப்பாட்டுக்கும் உள்ள உறவைத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். டெல்டா அலை உச்சத்தில் இருந்தது 2021 ஓகஸ்டின் பிற்பகுதியிலும் செப்டெம்பரிலும். ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட மரணங்கள் பதிவான நாட்கள் அப்போது இருந்தன. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீடித்தது. டிசம்பரில் நிலைமை வேறு. மக்களில் பாதிக்கு மேல் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள், மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. டிசம்பர் 3ஆம் திகதி நைஜீரியாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஒமிக்ரோன் கண்டறியப்பட்டபோது பயம் மறுபடி எழுந்தது உண்மை. ஆயினும் நாடு மூடப்படவில்லை. நோய் இறங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் விலைகள் ஏறின. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் 5.7 சதவீதமாக இருந்த பணவீக்கம் டிசம்பரில் 12.1 ஆனது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் டிசம்பரில் 22.1. நோய்தான் தட்டுப்பாட்டின் தாய் என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 30ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அத்தியாவசிய உணவு வழங்கலுக்கென அவசரகால விதிகளைக் கொண்டுவந்தார். அத்தியாவசிய சேவைகள் ஆணையாளராக ஓர் இராணுவ மேஜர் ஜெனரல் நியமிக்கப்பட்டார். களஞ்சியங்கள் சோதனையிடப்பட்டு, வெள்ளைச் சீனிக்குக் கிலோ 122 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை வந்தது. செப்டெம்பரில் மத்திய வங்கி 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு நூறு சதவீத முற்பணம் கட்ட வேண்டும் என்றது. பழவகைகளும் ஆடைகளும் வீட்டு மின்சாதனங்களும் அதற்குள் அடங்கின. சில வாரங்களில் அதை நீக்கிக்கொண்டார்கள். ஆனால் நத்தார்ச் சரக்குக்கு வியாபாரி கட்டளை அனுப்பும் காலம் அதுவே. பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் டொலருக்காகக் காத்துக் கிடந்தன. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் துறைமுகக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் பார்த்து விலை போட்டார்கள். கட்டுப்பாட்டு விலை போட்டால் பொருள் மறைந்தது, நீக்கினால் விலை பாய்ந்தது.

பால்மா அதற்கு நல்ல உதாரணம். நியூசிலாந்திலிருந்து பெரும்பகுதி வரும் இந்த மா இல்லாமல் இலங்கையில் தேநீர் இல்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு, சீமெந்து ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 380 ரூபாயாக இருந்த 400 கிராம் பால்மா 480 ஆனது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று பல ஆண்டுப் போராட்டத்தின் பிறகு அந்த ஆண்டு மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்திருந்தது. ஒரு சிறு பால்மாப் பெட்டிக்கு அரை நாள் உழைப்பு. லயன் வீடுகளில் காலையும் இரவும் கோதுமை மா ரொட்டிதான் உணவு, மா விலையும் நவம்பரில் ஏறியது. அட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு கேக் என்பது பேச்சுக்கும் இடமில்லாத விஷயம். கவலை ரொட்டியைப் பற்றியதாக இருந்தது. தட்டுப்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் பலர் கொழும்பு சுப்பர் மார்க்கெட்டின் வெறும் தட்டுகளோடு நின்றுவிட்டார்கள். தட்டில் பொருள் இருந்தும் வாங்க முடியாமல் திரும்பியவர்கள்தான் தொகையில் அதிகம். அவர்கள் எந்தப் படத்திலும் விழவில்லை.

எரிவாயுவின் கதை இன்னும் கொடியது. 12.5 கிலோ சிலிண்டர் ஒக்டோபரில் 1,493 ரூபாயிலிருந்து 2,675க்குப் போனது. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. நவம்பரில் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின. நாடெங்கும் நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின, உயிர்களும் போயின. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகக் கண்டது. டிசம்பர் தொடக்கத்தில் விநியோகம் நிறுத்தப்பட்டது, கசிவை மூக்குக்குக் காட்டும் மணப்பொருள் போதாதென்று கப்பலில் வந்த வாயுவை ஏற்க மறுத்தார்கள். ஹோட்டல்களும் சிறு பேக்கரிகளும் மூடின. நத்தார் வாரத்தில் சமையலறைக்குள் போகப் பயப்பட்ட தாய்மாரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் திரும்ப வந்தன. டிசம்பர் 20 நள்ளிரவில் மண்ணெண்ணெயும் லீற்றருக்கு 10 ரூபாய் கூடி 87 ஆனது.

அந்தப் பத்து ரூபாய் அடுப்போடு நிற்கவில்லை. மேற்குக் கரையிலும் வடக்கிலும் கிழக்கிலும் மீன்பிடிப் படகுகளின் வெளி இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. இலங்கைக் கத்தோலிக்கரில் கணிசமானோர் கடலை நம்பியவர்கள். நீர்கொழும்பைச் சின்ன ரோமாபுரி என்பார்கள். அந்த ஊருக்கு அடுத்தடுத்து விழுந்த அடிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2019இல் கட்டுவப்பிட்டிய ஆலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் வெடித்தபோது சந்தை மூடப்பட்டது, மீனை வாங்க ஆளில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. நைத்திரிக் அமிலமும் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகளும் ஏற்றி வந்த அந்தக் கப்பல் ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. மணிகள் நீர்கொழும்புக் கரையில் பனிபோல் குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, பிடித்த மீனையும் மக்கள் அஞ்சி ஒதுக்கினார்கள். 2019 நத்தார்த் திருப்பலி துப்பாக்கிகளின் காவலில், 2020 திருப்பலி முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு, 2021இல் காவலும் கவசமும் இருக்க வீட்டில் அடுப்பும் அணைந்து. இந்த மக்களுக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து ஒரு நத்தாரும் நத்தாராக அமையவில்லை.

இந்தத் தீவில் சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின் முன் முழங்காலிடும் சமயம் கிறிஸ்தவம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் ஏறத்தாழ ஏழரை சதவீதம் பேர். அவர்களின் நத்தார் அவர்களோடு முடிவதும் இல்லை. பாசையூரிலோ குருநகரிலோ மட்டக்களப்பிலோ பயற்றம் உருண்டை, முறுக்கு, கொக்கிஸ், கேக் துண்டு எல்லாம் அடுக்கிய தட்டு அயலில் உள்ள சைவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் துணி மூடிப் போகும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அந்தத் தட்டு நிறைந்து திரும்பும். பெருந்தொற்று இந்தத் தட்டைத்தான் முதலில் நிறுத்தியது. 2020 நத்தாரில் தட்டு கொடுப்பதே நோயைக் கொடுப்பதாகிவிடுமோ என்று கூசினார்கள். கரோல் பாடும் இளைஞர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள், அல்லது வரவே இல்லை. 2021இல் கூச்சம் குறைந்திருந்தது, ஆனால் தட்டில் வைக்கப் பொருள் இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாமல் அயல்வீட்டார் கண்ணில் படாமல் இருக்க முயல்வது பசியைவிட வேறான ஒரு வலி. அதற்கு எந்தச் சுட்டெண்ணும் இல்லை.

தட்டுப்பாடு இந்தத் தீவுக்குப் புதிதல்ல என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்று பங்கீடு வந்தது. 1970களின் நடுவில் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. அதே காலத்தில் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயக் கமக்காரர் செழித்ததும் உண்டு. வடக்கில் 1990 முதல் நீண்ட பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, உரம் இல்லை, பட்டறி இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து எரித்த விளக்கில் பாலன் குடில் கட்டியவர்கள் நாங்கள். 1995இல் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் வன்னியிலும் மர நிழலில் நத்தாரைக் கண்டார்கள். அப்போது அரிசிமாவும் பயறும் சர்க்கரையும் பனம்பண்டமும் இருந்தால் நத்தார்ப் பலகாரம் ஆனது.

ஆயினும் அந்த அனுபவத்தை 2021க்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. யுத்தகாலத்தில் கப்பல் வராவிட்டாலும் மண் ஓரளவு கொடுத்தது. 2021இல் மண்ணையும் கைவிட்டார்கள். மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயன உரமும் கிருமிநாசினியும் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டன. நஞ்சில்லா உணவுக்காக என்று சொல்லப்பட்டது. டொலரைச் சேமிக்கும் எண்ணமும் அதனுள் இருந்தது. சேதன விவசாயம் நல்ல நோக்கமே. ஆனால் ஒரு நாடு முழுவதையும் ஒரு போகத்தில் மாற்ற முடியாதென்று விவசாயப் பேராசிரியர்களும் கமக்காரரும் சொன்னதைக் கேட்க ஆளில்லை. நவம்பர் 24இல் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, உரம் கையில் இல்லை. நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் 100 கிராம் பச்சை மிளகாய் 18 ரூபாயிலிருந்து 71க்கு ஏறியதாக அட்வொகாட்டா என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. பச்சை மிளகாய் கப்பலில் வருவதல்ல, கொவிட்டால் வாடுவதும் அல்ல. மஞ்சளுக்கும் உளுந்துக்கும் 2020 முதலே இறக்குமதித் தடை இருந்தது. இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்குப் படகில் மஞ்சள் கடத்தும் தொழில் அதனால் பிறந்தது.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் அனுப்பும் பணம் நத்தாருக்குக் கைகொடுத்திருக்காதா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குள் 2021இன் முழு முரணும் இருக்கிறது. வங்கியில் டொலருக்கு 203 ரூபாய், வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் வழியில் 240க்கும் மேல். இத்தாலியிலோ கட்டாரிலோ வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் பிள்ளைகளின் நத்தார் உடுப்புக்காக அனுப்பும் பணத்தை எந்த வழியில் அனுப்புவாள்? வீட்டுக்கு நல்லதை அவள் செய்தாள், அந்த டொலர் நாட்டுக்குள் வராமலே போனது. 2020 நவம்பரில் வங்கி வழியாக வந்தது 612 மில்லியன் டொலர், 2021 நவம்பரில் வெறும் 271 மில்லியன். டிசம்பரில் டொலருக்கு மொத்தம் 10 ரூபாய் ஊக்கத்தொகை தருவதாக மத்திய வங்கி அறிவித்தும் பெரிய மாற்றம் வரவில்லை. அனுப்பியவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று குறைசொன்னதை நான் அநியாயமாகவே கருதுகிறேன். அந்தக் குறையைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் பொய்யான ஒரு விலையைக் கட்டிக்காத்தவர்களே. அந்த டொலர் வந்திருந்தால் துறைமுகத்தில் கிடந்த கொள்கலன்கள் சில நத்தாருக்கு முன் கடைக்கு வந்திருக்கும்.

டிசம்பர் 21ஆம் திகதி ஒரு சம்பவம் நடந்தது. விவசாய அமைச்சின் செயலாளர் உதித் கே. ஜயசிங்க, நாடு உணவுத் தட்டுப்பாட்டை எதிர்நோக்குகிறது, முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசினார். சில மணி நேரத்தில் பதவி பறிக்கப்பட்டது. டொலரை மிச்சப்படுத்த, ஈரானுக்குத் தரவேண்டிய எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுத்து அடைக்கும் உடன்படிக்கையும் அதே நாட்களில்தான் செய்யப்பட்டது. நான்கு நாளில் நத்தார். ஆலயங்கள் நிறைந்தன, குடில்கள் எழுந்தன, பாலன் பிறந்தார். பல பங்குகளில் இளைஞர்கள் வீடு வீடாக உலர் உணவுப் பொதி கொண்டுபோனார்கள். பேக்கரிகளில் கேக் இருந்தது, சிறிதாகவும் விலை கூடியும். ஆண்டு முடியுமுன் 400 கிராம் பால்மா இன்னும் 60 ரூபாய் கூடி 540 ஆனது.

அடுத்த நத்தாருக்குள் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்திருந்தது, ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போயிருந்தார், கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டு இறங்கியிருந்தது. கொவிட் பயம் பேச்சிலிருந்தே மறைந்துபோனது. அந்த டிசம்பரில் கிடைக்காமல் போனது முட்டை. கட்டுப்பாட்டு விலை 43, 45 ரூபாயாக இருக்கக் கடையில் அறுபதுக்கு மேல் விற்றது, அதுவும் கிடைத்தவர்களுக்கு. கோழி வளர்ப்போர் தீனி விலை தாங்காமல் கோழிகளை விற்றிருந்தார்கள். 2023 மார்ச்சில், நத்தார் முடிந்து மூன்று மாதம் கழித்து, இந்தியாவிலிருந்து இருபது இலட்சம் முட்டைகள் கப்பலில் கொழும்புக்கு வந்தன. அவற்றைப் பேக்கரிகளும் உணவு தயாரிப்பாளர்களும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அரசு நிபந்தனை விதித்தது.